இயந்திரம் வந்துவிட்டது, சான்றிதழ் வரவில்லை

முதலீட்டு ஆலோசகர் என்ற முறையில் சிப் நிறுவனப் பங்குகளைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும், ஒரு மளிகைக்கடைக் கல்லாவைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். 2016 கோடையில் நியூஜெர்சியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தது அது. கடையில் கார்டு தேய்க்கப் புத்தம்புது இயந்திரம் இருந்தது. ஆனால் சிப் கார்டைச் செருகும் வாயை ஓர் அட்டைத் துண்டால் அடைத்து, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். "ஏன் அண்ணா இப்படி?" என்று கேட்டேன். "மெஷின் வந்து ஆறு மாதமாகிறது தம்பி. சான்றிதழ்தான் இன்னும் வரவில்லை" என்றார் கடைக்காரர்.

சிப் வசதி இல்லாத கடையில் போலி கார்டைத் தேய்த்து யாராவது ஏமாற்றினால் நஷ்டம் கடைக்காரருடையது என்று அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் கார்டு நிறுவனங்கள் விதி கொண்டுவந்தன. இது அரசுச் சட்டமல்ல. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பயந்துபோய் இயந்திரம் வாங்கினார்கள். வாங்கினால் மட்டும் போதாது. இயந்திரம், அதன் மென்பொருள், பணம் பெற்றுத் தரும் இடைநிறுவனம் என எல்லாம் சேர்ந்து சோதனையில் தேறிச் சான்றிதழ் பெற வேண்டும். சிறிய கடைகள் அந்த வரிசையில் மாதக்கணக்கில் நின்றன. 'இயந்திரம் வாங்கியும் நஷ்டத்தை எங்கள் தலையில் கட்டுகிறார்கள்' என்று புளோரிடா மளிகைக்கடைக்காரர்கள் 2016 மார்ச்சில் வழக்கே தொடுத்தார்கள்.

இதில் பங்கு வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைக்காரரின் இயந்திரத்தில் இருந்த சிப் எப்போதோ விற்பனைக் கணக்கில் ஏறிவிட்டது. கெடுவை நம்பி வங்கிகளும் விநியோகஸ்தர்களும் கார்டுகளையும் இயந்திரங்களையும் முன்கூட்டியே வாங்கிக் குவித்துவிட்டார்கள். கடைசிக் கடையில் சான்றிதழ் நின்றால் சரக்கு கிடங்கில் தேங்கும்; அடுத்த ஆர்டர் வராது. கடையில் ஏற்பட்ட சிறு தாமதம் சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாகி, சிப் நிறுவனத்தின் காலாண்டு முடிவில் வந்து அடிக்கும்.

அப்படித்தான் ஆனது. 2016 ஜூனில் இயந்திர நிறுவனமான வெரிஃபோன் தன் ஆண்டு விற்பனைக் கணிப்பைக் குறைத்ததும் பங்கு பலமாகச் சரிந்தது. அதே மாதம் கார்டு நிறுவனமான விசா, சான்றிதழுக்கான சோதனை நடைமுறையை எளிதாக்கியது. சிப் கார்டு தயாரிக்கும் சி.பி.ஐ. கார்டு குரூப், விதி நடைமுறைக்கு வந்த அதே 2015 அக்டோபரில் 10 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. வங்கிகளிடம் கார்டு இருப்பு மிஞ்சி விற்பனை சரிந்தது. 2017 டிசம்பரில் விலையைத் தூக்கி நிறுத்த ஐந்து பங்குகளை ஒன்றாகச் சுருக்க வேண்டியதாயிற்று. என்எக்ஸ்பி, இன்ஃபினியன் போன்ற பெரிய சிப் நிறுவனங்களுக்குக் கார்களுக்கான சிப் முதலான வேறு வியாபாரங்கள் உண்டு, அவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

என்னிடம் வருபவர்களில் பலர் கெடு தேதியை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குகிறார்கள். சேமிப்புப் பணம் அப்படி முடங்குவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. தயவுசெய்து நிறுவனத்தின் நிதி அறிக்கைகளைத் திறந்து பாருங்கள். விற்பனையைவிடச் சரக்கு இருப்பு வேகமாக ஏறுகிறதா? வருமானத்தில் எவ்வளவு அந்த ஒரு விதியை நம்பி இருக்கிறது? கெடு தள்ளிப்போகாது என்றும் நம்பிவிடாதீர்கள். பெட்ரோல் பம்புகளுக்கு இதே விதி 2017 அக்டோபரில் வருவதாக இருந்தது. முதலில் 2020 அக்டோபருக்கும், பிறகு 2021 ஏப்ரலுக்கும் தள்ளிவைத்தார்கள்.