பான்டோவின் வழிவந்த செட்டர்கள்

ஸ்காட்லாந்தின் புதர்மேடுகளில் காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும் இங்கிலீஷ் செட்டர் நாய், குரௌஸ் பறவையின் வாடை மூக்கில் பட்ட கணத்தில், கயிறு போட்டு இழுத்தாற்போல நின்றுவிடும். உடல் தாழ்ந்திருக்கும், வால் விறைத்திருக்கும், ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். துப்பாக்கிக்காரர் வந்து சேரும் வரை அது பறவையைக் கலைக்கக் கூடாது. பழக்கத்தால் இந்தத் திறமை மெருகேறுகிறது என்றாலும், பயிற்சியே பெறாத குட்டிகூடக் கோலில் கட்டி ஆட்டிய இறகின் முன் இப்படி உறைந்து நிற்பதால், இதன் வேர் பிறப்பிலேயே இருக்கிறது எனலாம். அந்தப் பிறவிக்குணத்தை அடுத்தடுத்த ஈற்றுகளிலும் தவறாமல் வரவழைப்பதற்காகவே லைன் பிரீடிங் எனப்படும் வழித்தொடர் இனவிருத்தி கையாளப்படுகிறது.

எட்வர்ட் லாவரக் என்ற ஆங்கிலேயர் 1825-இல் பான்டோ என்ற கடுவனையும் ஓல்டு மால் என்ற பெட்டையையும் பெற்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவற்றின் வாரிசுகளை மட்டுமே தமக்குள் இணைத்து வந்ததாகச் சொன்னார். அவருடைய வம்சாவளிக் குறிப்புகளைப் பின்னாளில் பலர் சந்தேகித்தனர். எனக்கும் அவற்றில் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் முறை தெளிவானது: தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஒரே சிறந்த மூதாதை வரும்படி இணை சேர்க்க வேண்டும்.

இதன் கணக்கை 1922-இல் அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் வகுத்துக் கொடுத்தார். குட்டியின் ஏதேனும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பையே அவர் அளந்தார். கூடப்பிறந்தவற்றை இணைத்தால் இந்த வாய்ப்பு 25 சதவீதம். தந்தை மட்டும் பொதுவாக உள்ளவற்றை இணைத்தால் 12.5 சதவீதம், தாத்தா மட்டும் பொதுவென்றால் 3.125 சதவீதம். முதலிரண்டும் அவசரக்காரர்களின் வழி. நிதானமான வளர்ப்பாளர் மூன்றாவதன் பக்கமே நிற்பார்.

பிரதிகள் ஒன்றுபோல் ஆக ஆக, அந்த நாய் தன் குட்டிகள் அனைத்திற்கும் ஏறக்குறைய ஒரே சரக்கையே கொடுக்கும். இதையே வளர்ப்போர் ‘முத்திரை பதிக்கும் கடுவன்’ என்று கொண்டாடுகிறார்கள். இம்முறை புதிய திறமை எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை உறுதியாக்குகிறது, அவ்வளவுதான். ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருந்த ஒடுங்கு குறைபாடும் அதே வேகத்தில் இரட்டித்து வெளிப்படும், ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறையும், குட்டிகள் நோஞ்சானாகும்.

அந்தத் தேக்கத்தை உடைப்பது அவுட் கிராஸ், அதாவது அயல்வழிக் கலப்பு. பர்செல் லெவெலின் என்பவர் லாவரக்கின் நாய்களை டியூக், ரீபி என்ற நாய்களின் வழியோடு சேர்த்தபோது, பிறந்த செட்டர்கள் களப்போட்டிகளில் பெயர் வாங்கி, அமெரிக்காவிலும் தனிவழியாக நிலைத்தன. பெட்ஃபோர்டுஷயரின் சவுத்ஹில்லில் 1865-இல் தொடங்கிய இத்தகைய போட்டிகள், அழகை விட்டு வேலையை அளந்ததால், எந்த நாயை இனவிருத்திக்கு வைத்துக்கொள்வது என்ற தேர்வுக்குப் பெரிதும் உதவின. லெவெலினின் வெற்றியில் பாதிப் பங்கு லாவரக்கினுடையது என்பேன். ஒரு பக்கமாவது நெருக்கமாக இறுகியிருந்தால்தான் கலப்பின் முதல் தலைமுறை ஓரளவு சீராக வரும்.

சிக்கல் அதற்கடுத்த தலைமுறையில் வருகிறது. முதல் தலைமுறைக் குட்டிகளைத் தமக்குள் இணைத்தால் தாத்தா பாட்டிகளின் மரபணுக்கள் சீட்டுக்கட்டாகக் கலைந்து, ஒரே ஈற்றில் ஒன்று கூரிய மூக்கோடும் மற்றொன்று சோம்பலோடும் பிறக்கும். மோப்பம், ஓட்டம், அடக்கம் ஆகியவை ஒவ்வொன்றும் பல மரபணுக்களின் கூட்டு விளைவு என்பதால், ஒற்றைப் பரிசோதனையால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆகவே கலப்பில் பிறந்தவற்றுள் தேறியதைப் பழைய வழிக்கே திரும்ப இணைப்பது வழக்கம்.

செட்டரின் வெண்ணிறத்தோடு இன்னொரு வில்லங்கமும் ஒட்டி வருகிறது. நம்மூர் ராஜபாளையம் நாய்க்கும் இது பொருந்தும். தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள் உட்காதிலும் தேவை. அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியுணர் செல்கள் அழிந்து குட்டி செவிடாகும். கூட்டத்தில் இருக்கும்வரை அது மற்ற குட்டிகளைப் பார்த்து எழுந்து ஓடி வருவதால் எவருக்கும் சந்தேகம் வராது. அதனால் வளர்ப்பவர் ஒவ்வொரு குட்டியையும் தனியறைக்குக் கொண்டுபோய், அது தூங்கும்போது முதுகுப்புறம் நின்று கைதட்டிப் பார்க்கிறார்.