கிரான்: ஹெர்ரிங் மீனை அளந்த சொல்

சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழாக்கக் கட்டுரையில் இப்படி ஒரு வரி கண்ணில் பட்டது: "அன்று ஒவ்வொரு படகும் முப்பது கிரேன் மீன் கொண்டுவந்தது." ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஒரு துறைமுக ஊரைப் பற்றிய கட்டுரை அது. மூலத்தில் இருந்திருக்கக்கூடிய சொல் கிரான். அச்சுப்பிழை என்று எண்ணி யாரோ அதைப் பளுதூக்கும் கிரேனாகத் திருத்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒரு கரையோரத்து மக்களின் வரவு செலவு, கடன், சாவு எல்லாம் அடங்கிய சொல் இது. ஓர் எழுத்துத் திருத்தத்தில் காணாமல் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கிரான் ஒரு முகத்தல் அளவை. பிடித்துவந்த கோலத்திலேயே, குடல் எடுக்காமல், உப்புப் படாமல் இருக்கும் பச்சை ஹெர்ரிங் மீனை அளப்பதற்கென்றே இருந்தது. அளவு 37½ இம்பீரியல் கேலன், அதாவது ஏறக்குறைய 170 லிட்டர். எத்தனை மீன் என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. பொதுவாக 1,200 என்பார்கள். மீன் பருத்திருந்தால் 700 போதும், பொடியாக இருந்தால் 2,500 வரை பிடிக்கும். ஹெர்ரிங் நம் மத்திக்கும் சாளைக்கும் உறவு. கூட்டம் கூட்டமாக வரும், எண்ணெய்ச் சத்து மிகுந்தது, அதனாலேயே சீக்கிரம் கெட்டுப்போகும். கரைக்கு வந்த மீனை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணி முடிப்பதற்குள் நாறிவிடும். அள்ளி அளப்பதுதான் வழி.

இந்தச் சொல் நாள்தோறும் புழங்கிய ஊர்களில் முதன்மையானது விக். கெய்த்னஸ் வட்டாரத்தில், விக் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. ஊரின் பெயரே பழைய நார்ஸ் மொழியில் விரிகுடாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1786இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மீன்வளச் சங்கம் ஆற்றின் தென்கரையில் புதிய துறைமுகமும் குடியிருப்பும் கட்ட முடிவு செய்தது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு வரைபடம் போட்டார். சங்கத்தின் தலைவராக இருந்த சர் வில்லியம் புல்ட்னியின் பெயரால் அந்தப் பகுதி புல்ட்னிடவுன் ஆயிற்று. 1860களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் கோடைப் பருவத்தில் அங்கே கூடின. மேற்குத் தீவுகளிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கேலிக் பேசும் ஆட்கள் கூலிக்காக வந்து சேர்ந்தார்கள்.

கிரானின் வேரும் அந்த மக்களின் மொழியில்தான் இருக்கிறது. கேலிக் மொழியில் 'கிரான்' என்றால் முதலில் மரம். மரத்தால் ஆனவையும் அதே பெயரைப் பெற்றன: கலப்பையும் கிரான், பாய்மரமும் கிரான். பழங்காலத்தில் சொத்தையோ வேலையையோ பகிர வேண்டியிருந்தால் மரத்துண்டுகளைப் போட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். அப்படிப் போடும் துண்டுக்குக் கிரான் என்று பெயர். பிறகு அந்தத் துண்டால் ஒருவருக்கு விழுந்த பங்குக்கும் அதுவே பெயராயிற்று. மரம், சீட்டு, பங்கு என்று படிப்படியாகப் பொருள் நகர்ந்திருக்கிறது. மீன் அளவையைக் குறிக்கும் கிரானும் 'பங்கு' என்ற இந்தப் பொருளிலிருந்தே கிளைத்தது என்று கொள்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. வலையிலிருந்து வந்ததைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் பங்கின் பெயர் அளவின் பெயராவது இயல்புதானே. 1790களில் ஊர் ஊராகத் தொகுக்கப்பட்ட ஸ்காட்லாந்துக் குறிப்புகளில், மேற்குத் தீவுகளில் ஒன்றான லூயிஸைப் பற்றிய பகுதியில் இந்தச் சொல் வருகிறது. வலையிலிருந்து எடுத்தபடியே ஒரு பீப்பாய் நிறையப் பச்சை மீன் என்று அங்கே விளக்கமும் இருக்கிறது.

'ஒரு பீப்பாய் நிறைய' என்பது போதாமல் போனது வியாபாரம் பெருத்த பிறகுதான். யாருடைய பீப்பாய், குவித்தா, தலைதட்டியா என்ற சண்டைகள் எழும். 19ஆம் நூற்றாண்டில் அரசின் மீன்வள வாரியம் தலையிட்டு அளவை நிர்ணயித்தது. கடைசியில் நிலைத்ததுதான் 37½ கேலன். நடைமுறையில் கையாண்டது கால் கிரான் கூடை. பிரம்பு முடைந்த, வாய் அகன்ற, இரு பக்கமும் பிடி வைத்த கூடை அது. படகின் அடித்தட்டில் மரச்சட்டுவத்தால் மீனை வாரிக் கூடையில் போடுவார்கள். கயிறு கட்டி மேலே இழுத்துத் துறைமேடையில் கவிழ்ப்பார்கள். நான்கு கூடை போனால் ஒரு கிரான்.

இங்கிலாந்துத் துறைமுகங்களில் வேறு வழக்கம் இருந்தது, அங்கே எண்ணினார்கள். கிரேட் யார்மவுத்தில் கைக்கு இரண்டாக நான்கு மீன் சேர்ந்தால் ஒரு 'வார்ப்'. 33 வார்ப் சேர்ந்தால் ஒரு நூறு. ஆனால் அந்த 'நூறு' என்பது 132 மீன்! அப்படி நூறு நூறு சேர்ந்தால் 13,200 மீன் கொண்ட ஒரு 'லாஸ்ட்'. ஸ்காட்லாந்துப் படகுகள் கோடையில் ஷெட்லாந்தில் தொடங்கி, மீன் போகும் போக்கில் தெற்கே இறங்கி, இலையுதிர் காலத்தில் யார்மவுத்துக்கும் லோஸ்டாஃப்ட்டுக்கும் போய்ச் சேரும். கூடவே அவர்களின் கூடையும் போயிற்று. 1908இல் கிரான் அளவைச் சட்டம் வந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரானைச் சட்டப்படியான அளவையாக்கியது. லூயிஸ் தீவின் குடியானவர்கள் வாயில் புழங்கிய ஒரு சொல் நாடாளுமன்றச் சட்டத்தின் தலைப்பில் ஏறிய கதை இது. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி.

மகிழ்ச்சி தராத பக்கமும் உண்டு. பருவம் தொடங்குமுன்பே உப்பிடும் வணிகரும் படகுக்காரரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். கிரானுக்கு இன்ன விலை, 200 கிரான் வரை எடுத்துக்கொள்கிறேன் என்பது வழக்கமான பேச்சு. 200 கிரான் என்றால் ஏறத்தாழ 2,40,000 மீன். கையில் கொஞ்சம் முன்பணமும், கூடவே விஸ்கியும் கொடுத்துப் பேச்சை முடிப்பார்கள். அந்த 200 நிறையாவிட்டால் குளிர்காலம் கடன்காலம். அதனால் வானம் கறுத்திருந்தாலும் படகை இறக்கத் தூண்டுதல் இருந்தது. 1848 ஆகஸ்ட் 18 மாலை விக்கிலிருந்து போன படகுகள் நள்ளிரவுக்கு மேல் புயலில் மாட்டின. அவை மேல்தளம் இல்லாத திறந்த படகுகள். திரும்பி ஓடிவந்தால், துறைமுக வாயிலில் நீர் வற்றிக் கிடந்தது. விக்கில் மட்டும் 37 பேர் செத்தார்கள். அந்தக் கிழக்குக் கரை நெடுகிலும் 100 பேர் இறந்தார்கள், 124 படகுகள் நொறுங்கின. விசாரித்த கடற்படை அதிகாரி ஜான் வாஷிங்டன் 1849இல் கொடுத்த அறிக்கையில் ஆழமில்லாத துறைமுகங்களையும் திறந்த படகுகளையும் குறைசொன்னார். விஸ்கி கொடுத்து முடிக்கும் இந்த ஒப்பந்த முறையையும் சாடினார். கிரான் கணக்கை மீன் அளவாக மட்டும் படித்தால் இந்த 37 பேர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

ஆண்களின் கணக்கு கிரானில் ஓடியது. பெண்களின் கணக்கோ பீப்பாயில். கரையில் 'ஃபார்லின்' என்ற நீண்ட மரத்தொட்டியில் மீனைக் கொட்டியதும், மூன்று மூன்று பெண்களாக நின்று வேலையைத் தொடங்குவார்கள். இருவர் குடல் எடுப்பார்கள், ஒருத்தி உப்பிட்டு அடுக்குவாள். கையில் 'குட்டக்' என்ற சிறு கத்தி. (நம் 'குட்டை'யை இதோடு முடிச்சுப் போட ஆசை வரும், வேண்டாம். ஒலி ஒத்திருப்பதால் உறவாகிவிடாது.) செவுளருகே குத்தி ஒரு திருப்பு, குடல் ஒரு பக்கம், மீன் பருமனுக்கேற்ற தொட்டியில். பழகிய கைக்கு ஒரு மீனுக்கு ஒன்றிரண்டு நொடிதான். விரல்களுக்கு மாவுச்சாக்குத் துணியைக் கிழித்துச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். அப்படியும் கத்தி பட்டுவிடும், அந்தக் காயத்தில் உப்பு இறங்கும். கூலி மூவருக்கும் சேர்த்து, நிறைந்த பீப்பாய்க்கு இவ்வளவு என்றுதான். பருவத்துக்கு முன்பே இவர்களுக்குக் கொடுத்துவைக்கும் தொகையை 'ஆர்ல்ஸ்' என்றார்கள். இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை: அச்சாரம்.

அந்த உப்பு மீன் பீப்பாயின் அளவு 26⅔ கேலன். கிரானைத் தமிழில் 'பீப்பாய்' என்று எழுதுவது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். பீப்பாய் என்றால் உப்பிட்டு அடுக்கி பால்டிக் துறைமுகங்களுக்குக் கப்பலேறும் சரக்கு. கிரான் என்றால் இன்னும் செதிலில் ஈரம் காயாத மீன். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் ஆண்களின் வரவும் பெண்களின் கூலியும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

'கூடை' என்றும் எழுதக் கூடாது. கூடை கால் கிரான்தான். மரக்கால், கலம் ஆகியவற்றை எடுத்தாளலாமா என்று யோசித்துப் பார்த்தேன். மரக்காலுக்குள்ளும் மரம் இருக்கிறது, கேலிக் வேரும் மரம்தான். பொருத்தம் மனதை இழுக்கிறது. ஆனால் தமிழ் வாசகருக்கு இரண்டும் நெல்லையே நினைவூட்டும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று கணக்கும் உடனே ஓடத் தொடங்கும். தப்பான அளவு மனதில் பதிவதைவிட அயற்சொல் மேல்.

என் முடிவு இது. எண்ணோடு வரும்போது கிரான் என்றே எழுதலாம், கேலனையும் பவுண்டையும் எழுதுவதுபோல. அரை கிரான், கால் கிரான் என்று தமிழ்ப் பின்னங்கள் அதோடு இயல்பாக ஒட்டுகின்றன. சொல்லின் பொருளைத் தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் 'கூறு' என்பதே சரியான சொல். கூறு என்றால் பங்கு, பிரிவு. சந்தையில் தரையில் சின்னச் சின்னக் குவியலாக வைத்து விற்கும் மீனையும் "கூறு என்ன விலை?" என்றுதான் கேட்கிறோம். பங்கின் பெயர் மீன் அளவின் பெயரான அதே பயணம் நம் மொழியிலும் நடந்திருக்கிறது. இந்த இரு சொற்களுக்கும் பிறப்பில் தொடர்பில்லை, பிழைப்பில்தான் தொடர்பு. எழுதும்போது முதல் முறை "200 கிரான், அதாவது பச்சை மீன் கூறு இருநூறு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு கிரான் தானே நடக்கும்.

அளவை வழக்கொழிந்துவிட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனி, ரஷ்யச் சந்தைகள் அடைபட்டன, அதன்பின் அந்தத் தொழில் பழைய நிலைக்கு மீளவில்லை. மீன்வளம் வற்றியதால் 1977இல் வடகடலில் ஹெர்ரிங் பிடிக்கவே தடை வந்தது. இன்று மீன் பெட்டியிலும் கிலோவிலும் போகிறது. பழைய கால் கிரான் கூடைகளை விறகு போட்டுவைக்க வாங்கிப் போகிறார்கள். ஆனால் மரத்துண்டு போட்டுப் பார்ப்பதைக் குறித்த 'கிரான்ஹூர்' என்ற கூட்டுச்சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. கேலிக்கின் உடன்பிறப்பான ஐரிஷ் மொழியில், அயர்லாந்தின் தேசிய லாட்டரிக்கு அதுதான் பெயர்.