வயல் கதவில் தாள் தொங்குவதற்கு முன்பே

வயலின் இரும்புக் கதவை ஒட்டிய கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மழை ஈரம் உள்ளே இறங்கிப் பாதி எழுத்து கலைந்திருக்கும். விண்ணப்ப எண், நிலத்தின் விவரம், '24 வீடுகள்' என்று ஒரு வரி, கருத்துத் தெரிவிக்கக் கடைசி நாள். தங்கள் ஊர் மாறப்போகிறது என்பது இங்கிலாந்தின் சிற்றூர்களில் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. நாயுடன் நடக்கப் போனவர் நின்று வாசிப்பார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும்.

மாவட்ட கவுன்சில் ஒன்றின் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்தேன். இப்போது தனியாக ஆலோசனை சொல்கிறேன். லண்டனை விட்டுச் சிற்றூர்களில் வீடு வாங்கிப் போன நம்மவர்களும் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். "இதைத் தடுக்க முடியுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பல நேரங்களில் அந்தக் கேள்வி இரண்டு ஆண்டுகள் தாமதமாக வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிலம் ஒருவருடையதாக இருக்கலாம். ஆனால் அதில் கட்டுவதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு, 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தோடு உறுதியானது. விண்ணப்பத்தை முடிவு செய்வது உங்கள் ஊர் மட்டத்து மன்றமான பாரிஷ் கவுன்சில் அல்ல. அது கருத்து மட்டுமே சொல்ல முடியும். பெரும்பாலான ஊர்களில் முடிவு மாவட்ட கவுன்சிலின் கையில் இருக்கிறது. கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் தருவார்கள். பத்து வீடுகளோ அதற்கு மேலோ என்றால் 13 வாரங்களிலும், சிறியவை என்றால் 8 வாரங்களிலும் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

நான் அதிகாரியாகக் கையாண்ட அப்படியொரு 24 வீட்டு விண்ணப்பத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரே கடிதம். கையெழுத்து மட்டும் வேறு. "என் வீட்டின் விலை இறங்கிவிடும்." "சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும்." "நிலத்துக்காரர் பேராசைக்காரர்." ஒன்று விடாமல் எல்லாவற்றையும் படித்தேன். இந்தக் காரணங்களில் எதையும் என் அறிக்கையில் எடைபோட்டுப் பார்க்க எனக்குச் சட்டம் இடம் தரவில்லை. வீட்டின் விலை, தனியாரின் காட்சி, விண்ணப்பதாரரின் குணம் ஆகியவை கணக்கில் வராது. பக்கத்து வீட்டு வெளிச்சம் மறைவது, படுக்கையறைக்குள் பார்வை விழுவது, சாலைப் பாதுகாப்பு, வெள்ளம், மரங்கள், வௌவால் போன்ற உயிரினங்கள், பழைய கட்டடங்களின் சூழல் ஆகியவை வரும். நாற்பது ஆண்டுகளாகக் காலைத் தேநீருடன் அந்த வயலைப் பார்த்து வாழ்ந்தவரின் இழப்பு பொய்யில்லை. அவர் கடிதத்தை மூடி வைக்கும்போது என் மனம் கனத்தது உண்மை. ஆனால் அந்தத் துயரத்தை எழுத அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தக் கடிதக் குவியலில் ஒரு கடிதம் மட்டும் தனித்து நின்றது. வயலுக்குக் கீழே குடியிருந்த ஒரு மூதாட்டி கையால் எழுதிய இரண்டு பக்கம். கூடவே ஆறு புகைப்படங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் தேதி. வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, அது சந்துச் சாலைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகப் போகிறது, அடைமழையில் குழாய் விழுங்க முடியாத தண்ணீர் சாலையில் ஏறி எங்கள் வாசற்படியின் மூன்றாவது செங்கல் வரிசை வரை நிற்கிறது என்று எழுதியிருந்தார். வீடுகள் வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

விண்ணப்பதாரரின் வெள்ள அறிக்கையில் அந்தக் குழாயே இல்லை. மறுநாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழாயின் வாயில் பாதிக்கு மேல் சேறு. மேலே ஹாதார்ன் புதரின் வேர் இறங்கியிருந்தது. படங்களை, மாவட்டத்துக்கு மேலுள்ள கவுன்டி கவுன்சிலின் வெள்ளத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். கணக்கைத் திருத்தாமல் ஒப்புதல் தர முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். கடைசியில் மழைநீர்த் தேக்கம் தாழ்ந்த மூலைக்கு வந்தது. 24 வீடுகள் 19 ஆயின. குழாயை மாற்றிப் போடாமல் ஒரு வீட்டிலும் ஆள் குடியேறக் கூடாது என்று நிபந்தனை விழுந்தது. நூறு கடிதங்களால் ஆகாததை இரண்டு பக்கம் செய்தது.

அனுமதி கிடைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையான வீட்டுமனைகளை கவுன்சிலால் காட்ட முடியாதபோது தராசு அனுமதிப் பக்கமே சாய்கிறது. பாதிப்பு நன்மையைவிடத் தெளிவாக மிஞ்சினால்தான் மறுக்கலாம். 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட தேசியத் திட்டக் கொள்கை வீட்டு இலக்குகளைக் கட்டாயமாக்கியதால் இந்த நெருக்கடி பல மாவட்டங்களில் கூடியிருக்கிறது. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால் ஊராருக்கு அந்த உரிமை இல்லை. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே அங்கே கேட்க முடியும். வழக்குச் செலவும் சிறியதல்ல.

அந்த வயல் கதவில் தாள் தொங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே ஊரின் பொதுக்கூடத்தில் நான் ஒரு மாலை முழுக்க நின்றிருந்தேன். மாவட்டத்தின் 'லோக்கல் பிளான்' வரைவு வரைபடம் மேசையில் விரித்திருந்தது. எந்த வயலில் வீடு வரலாம், எதில் கூடாது என்று அந்த வரைபடம்தான் அடித்தளம் போடுகிறது. வீடு வரலாம் என்று அந்த வயலுக்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டியிருந்தோம். நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் நிலத்துக்காரர்.

அந்த வாய்க்காலைப் பற்றி அன்று ஒரு சொல் விழுந்திருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் லோக்கல் பிளான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் ஊராரே தங்களுக்கென ஒரு 'நெய்பர்ஹுட் பிளான்' எழுத வழி தந்திருக்கிறது. ஊர் வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் அதற்குச் சட்டப் பலம் உண்டு. அது ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதாகவும், ஊருக்கான வீடுகளுக்கு இடம் ஒதுக்கியதாகவும் இருந்தால், தராசு சாய்கிற நேரத்திலும் ஊருக்குக் கொஞ்சம் காப்பு இருக்கிறது. கட்டுமானத்துக்கு 'உள்கட்டமைப்பு வரி' வசூலிக்கும் மாவட்டமாக இருந்தால், பாரிஷ் கவுன்சிலுக்கு வரும் பங்கும் 15 சதவீதத்திலிருந்து 25 ஆக உயர்கிறது. வேலை கடினம்தான், இரண்டு மூன்று ஆண்டுகள் போகலாம்.

அந்த ஊரில் இப்போது நெய்பர்ஹுட் பிளான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். மூதாட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரப்பர் பட்டை போட்ட புகைப்படக் கட்டு. இந்த முறை அது மேலும் தடித்திருந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள இன்னொரு வயலின் படங்கள் என்றார்.