கேமராவைக் காட்டுங்கள்

உயர்ந்த மலைக்குப் போய்விட்டுத் தலைவலியும் வாந்தியுமாக வருகிறவரின் தோளில் கேமரா தொங்கினால், நாடி பார்த்த கையோடு அதையும் வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எப்போது தலை வலிக்கத் தொடங்கியது என்று கேட்டால் பலருக்கும் சரியாகச் சொல்ல வராது. படங்களிலோ நிமிடக் கணக்கில் நேரம் பதிந்திருக்கும்.

ஓர் இளைஞரின் படங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. காலை 6.10-க்கு எடுத்த முதல் படத்தில், முகட்டின் விளிம்பை வெயில் தொடுகிறது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் நீலநிழல். அடிவானம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. 11 மணி வரை எல்லாப் படங்களும் அப்படித்தான். அதன்பிறகு ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், கணவாயில் கிடந்த ஒரே பாறையை முப்பது முறைக்கு மேல் எடுத்திருந்தார். 2 மணிப் படங்களில் அடிவானம் சாய்ந்துகிடந்தது. சிலவற்றில் லென்ஸின் ஓரத்தை விரல் மறைத்திருந்தது. கடைசிப் படத்தில் அவருடைய காலணியும் கொஞ்சம் பனியும்தான். “வெயிலில் நின்றதால் வலிக்கிறது என்று நினைத்தேன், டாக்டர்” என்றார். அவரைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டு வந்த நண்பர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். முந்தைய நாள் மாலைதான் தாழ்நிலத்திலிருந்து வண்டியில் 3,000 மீட்டருக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரே ஓர் இரவு உறக்கம், விடியுமுன் ஏற்றம்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. எங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 3,000 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம், 5,500 மீட்டரில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. உடல் இதற்குப் பழகும், ஆனால் அதற்குச் சில நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே தங்குகிறவர்கள், உறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான். உடல்வலிமை இதிலிருந்து காப்பாற்றாது. தினமும் ஓடிப் பழகிய இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதாலேயே அதிகம் அவதிப்படுவதை நான் பார்க்கிறேன். 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகு தலைவலியும், கூடவே குமட்டலோ அசதியோ தலைசுற்றலோ வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உயரத்தை அடைந்து 6 முதல் 12 மணி நேரத்தில் அது தலைகாட்டும். முந்தைய மாலை வந்து சேர்ந்தவருக்கு அந்த நேரம் இரவிலோ, மறுநாள் ஏற்றம் தொடங்கும் விடியலிலோ வந்துவிடுகிறது.

படம் எடுப்பவருக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. வருகிற ஒவ்வொரு அறிகுறிக்கும் கேமராவே ஒரு காரணம் தந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்ததால் தலைவலி. குனிந்து எழுந்ததால் தலைசுற்றல். அசையாமல் எடுக்க மூச்சை அடக்கியதால் இரைப்பு. லென்ஸ்களைச் சுமந்ததால் அசதி. இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆகவேதான் நம்பிவிடுகிறோம். லென்ஸை மூடி வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். அப்போதும் தலைவலி விடவில்லை என்றால் அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறக்கூடாது.

பிறகு ஒரு சோதனை. சமதரையில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி, கயிற்றில் நடப்பதுபோல் பத்துப் பன்னிரண்டு அடி நேராக நடக்க வேண்டும். தடுமாறினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், இருமல் விடாமல் வருவதும் நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. அந்த நிலையில் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே, துணையோடு, குறைந்தது 1,000 மீட்டராவது இறங்க வேண்டும். நோயுற்றவரின் முதுகில் எந்தச் சுமையும் இருக்கக்கூடாது. அசட்டசோலமைடு என்ற முன்தடுப்பு மாத்திரை உண்டு. அதை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இறங்குவதற்கு அது ஈடாகாது.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டால் திரையில் நிறம் சரியாகத் தெரியவில்லை என்று கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி மேலே வீசுகிறது. மேகமூட்டமும் முழுதாகக் காக்காது. அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. இரவு படுத்த பிறகு, கண்ணில் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். இமை வீங்கும், விளக்கைப் பார்க்க முடியாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். கசக்காதீர்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள், கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தை நீங்களாகப் போடாதீர்கள். பக்கங்களையும் மூடும் கண்ணாடியே பனிக்கு ஏற்றது. நிறத்தைக் கீழே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

விரல்களுக்கு, பொத்தான்களை அழுத்த வசதியான மெல்லிய உள்ளுறையும் அதன்மேல் தடித்த கையுறையும் போதும். உறைபனியில், கேமராவைத் தாங்கும் உலோக முக்காலியை வெறுங்கையால் பிடிக்கக்கூடாது. வெளுத்து மரத்த விரலைப் பனியால் தேய்ப்பது பழைய தவறு. அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், முக்காலியை மடக்க நின்றுகொண்டிருக்க வேண்டாம்.

அந்த இளைஞர் தேறிய பிறகு அவருடைய நண்பரிடம் தனியாகப் பேசினேன். கணவாயில் இரண்டு முறை “இறங்கிவிடலாம்” என்று சொன்னாராம். இரண்டு முறையும் “இன்னும் ஒரே ஒரு படம்” என்பதுதான் பதில். மூன்றாம் முறை சொல்லத் தயங்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆக்சிஜன் குறைந்த மூளை தன் தடுமாற்றத்தைத் தானே அறிவது கடினம். கூட இருப்பவர்தான் அதைப் பார்க்க முடியும்.

அன்று முதல், மலைக்குப் போகுமுன் ஆலோசனை கேட்டு வருகிற புகைப்படக்காரர்களைக் கூடப் போகிறவரோடு வரச் சொல்கிறேன். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை என் முன்னாலேயே பேசி முடிவு செய்கிறார்கள். அந்த நேரத்தைச் சொல்லும் உரிமை கேமரா இல்லாதவருக்கு. பிறகு மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தக் குதிகால் நடையை இருவரையும் ஒருமுறை நடக்க வைக்கிறேன்.