பன்னிரண்டு பேருக்கு ஒரு நகராட்சியா?

"கொரிப்போ நகராட்சியின் மக்கள்தொகை 12." ஒரு பயணக் கட்டுரையில் இப்படிப் படித்ததும், பக்கத்தில் 'ஆயிரம்' விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். விட்டுப்போகவில்லை. சுவிட்சர்லாந்தின் திச்சினோ மாநிலத்தில், வெர்சாஸ்கா பள்ளத்தாக்கின் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் கல்கூரை வீடுகள்தான் கொரிப்போ. 1850 வாக்கில் ஏறக்குறைய முந்நூறு பேர் இருந்த ஊர். பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அந்தப் பள்ளத்தாக்கே கிளம்பிப்போனது. மிஞ்சியவர்கள் ஒரு டஜன். அது நகராட்சியாம்! நம் ஊரில் நகராட்சி என்றால் ஆணையர் உண்டு, பேருந்து நிலையம் உண்டு, குப்பை வண்டி வராத தெருக்களும் உண்டு.

'நகராட்சி' என்று இங்கே பெயர்க்கப்படும் மூலச்சொல் இத்தாலிய மொழியில் கொமூனே, பிரெஞ்சில் கொம்யூன், ஜெர்மனில் கெமைண்டே. மூனுஸ் என்றால் லத்தீனில் கடமை. கடமையைப் பகிர்ந்துகொள்வது கொம்முனிஸ், அதிலிருந்து கொமூனே. ஆங்கிலத்தின் முனிசிபாலிட்டியும் அதே மூனுஸில் பிறந்ததுதான். சுவிஸின் நான்காவது மொழியான ரோமான்ஷ் பேசுபவர்கள் மட்டும் விஷ்னாங்கா என்கிறார்கள். அதன் வேர் அண்டை அயல். ஆக, எந்தச் சொல்லிலும் நகரம் இல்லை. நம்மிடம் வரும்போதுதான் எங்கிருந்தோ நகரம் முளைக்கிறது.

எங்கிருந்து என்பதும் தெரிந்ததே. மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் பார்ப்பதில்லை, ஆங்கிலத்தைப் பார்க்கிறார். அங்கே முனிசிபாலிட்டி, இங்கே அகராதியில் நகராட்சி, வேலை முடிந்தது. அப்புறம் அந்த ஊரின் தலைவர் 'நகரத் தந்தை' ஆகிவிடுகிறார். பன்னிரண்டு பேருக்கு ஒரு தந்தை; குடும்பம் என்றே எழுதியிருக்கலாம்.

சரி, 'கம்யூன்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அதைப் படித்ததும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது 1871இல் பாரிஸில் அமைந்த புரட்சி அரசும் 1958இன் சீன மக்கள் கம்யூன்களும். ஆஸ்திரியாவின் மிகச் சிறிய கெமைண்டேயான கிராமைஸில் சுமார் நாற்பது, ஐம்பது பேர். அவர்கள் பசு மேய்த்தால் புரட்சியா? 'உள்ளாட்சி அமைப்பு' என்பதில் தவறில்லை, ஆனால் அது வகையின் பெயர். சென்னை மாநகராட்சியும் அதில் அடங்கும்.

என் வாக்கு 'ஊராட்சி'க்கு. உடனே ஒருவர் கேட்பார்: நான்கு லட்சம் பேர் வாழும் சூரிச்சும் கெமைண்டேதானே, அதையும் ஊராட்சி என்பீர்களா? நியாயமான கேள்வி. சுவிஸில் 2,100க்கு மேற்பட்ட கெமைண்டேக்கள் உள்ளன. மக்கள்தொகை பார்த்து நம்மைப் போல் நகராட்சி, பேரூராட்சி என்று தரம் பிரிப்பதில்லை. ஆனாலும் ஊர் என்ற சொல்லுக்கு அளவுகோல் கிடையாது. சென்னையும் ஊர்தான், பத்து வீட்டுக் குக்கிராமமும் ஊர்தான். சோழர் கல்வெட்டுகளில் 'ஊர்' என்பது இடத்தை மட்டுமல்ல, கூடி முடிவெடுக்கும் மக்களையும் குறித்தது. 'ஊரோம்' என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். வணிகர் கூட்டத்துக்கோ 'நகரத்தோம்'. கெமைண்டேயும் நிலம், மக்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லும் சொல். சுவிஸின் சிறிய ஊர்களில் வாக்குரிமை உள்ளவர்கள் நேரில் கூடி வரவு செலவை முடிவு செய்கிறார்கள். நம் கிராம சபைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எங்கே?

இன்னொன்று. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது; பூர்வீக ஊர் எதுவோ அந்த கெமைண்டேயின் பெயர்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சுவிஸ் குடியுரிமை பெற்றவருக்கும் பிறந்த இடம் இருக்காது, குடியுரிமை தந்த கெமைண்டேயின் பெயர்தான். அதைச் சொந்த ஊர் என்று மொழிபெயர்க்கலாம். சொந்த நகராட்சி என்றால் எப்படி இருக்கும்?

2020 அக்டோபர் 18 அன்று கொரிப்போவும் பக்கத்து ஊர்களும் இணைந்து வெர்சாஸ்கா என்ற ஒரே கொமூனே ஆயின. இதை யாராவது 'ஊராட்சி ஒன்றியம்' என்று எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஒன்றியத்தில் ஊராட்சிகள் தனித்தனியே உயிரோடு இருக்கும். அங்கே கொரிப்போ ஊராட்சி இப்போது இல்லை, கொரிப்போ என்ற ஊர் மட்டும் இருக்கிறது.