சுடாத வெந்நீர்ப் பை

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் நாய் டாக்டரின் கிளினிக்கில் ஒரு பூனை வளர்கிறது. கருத்தடை ஆபரேஷன் முடிந்து எங்கள் நாய் ரோஸி மயக்கத்தில் கிடந்தபோது, அந்தப் பூனை தானாக வந்து ஒட்டிப் படுத்துக்கொண்டது. நோயாளி என்று அதற்குத் தெரியுமா?"

போலந்தின் பித்கோஷ்ச் நகர விலங்குக் காப்பகத்தில் ராதமேனெஸ் என்றொரு கறுப்புப் பூனை இதே வேலையைச் செய்து பேர் வாங்கியது. குட்டியாகச் சுவாசப்பாதை அழற்சியோடு வந்து, பிழைத்து, பிறகு மற்ற நோயாளிகளைக் கட்டிக்கொண்டு படுத்தது. அங்கே 'நர்ஸ்' பட்டம் கொடுத்தார்கள். நம் ஊரில் அது குறுக்கே போயிருந்தால் ஆபரேஷனையே நாளைக்குத் தள்ளியிருப்போம்.

பூனையின் மனசு எனக்குத் தெரியாது. ஆனால் வெப்பக் கணக்கு தெரியும்.

உடம்பு குளிர்ந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். சூடு உள்ளேயே நிற்கும். அதுவும் போதாவிட்டால் நடுக்கம். இரண்டையும் மூளையின் அடியிலிருக்கும் ஹைபோதலாமஸ் நடத்துகிறது. மயக்க மருந்து அந்தக் காவலாளியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடுகிறது. குழாய்கள் விரிகின்றன, நடு உடம்பின் சூடான இரத்தம் தோலுக்கு ஓடிவருகிறது. அங்கேயோ ரோமம் மழித்து ஸ்பிரிட் தடவிய வயிறு, அதற்கு மேல் டிசம்பர் மாதக் கோத்தகிரி. 38, 39 டிகிரியில் இருக்க வேண்டிய நாய் மளமளவென்று ஆறுகிறது. சின்ன நாயென்றால் இன்னும் வேகம். ஒரே பானையில் வேகவைத்த உருளைக்கிழங்கில் பொடிசுதானே முதலில் ஆறுகிறது? எடைக்கு மேல்தோல் அதிகம்.

இங்கேதான் ஒரு பொல்லாத வட்டம் தொடங்குகிறது. உடம்பு குளிர்ந்தால் கல்லீரல் மந்தமாகும். அது மயக்க மருந்தைச் சிதைக்கத் தாமதிக்கும். அதனால் நாய் விழிக்கத் தாமதமாகும். விழிக்காத உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது, மேலும் குளிரும்.

வெந்நீர்ப் பை வைத்தால் போச்சு என்பீர்கள். வைக்கலாம், கவனமாக. சூடு அதிகமானால் நீங்களும் நானும் நகர்ந்துவிடுவோம். மயங்கிய நாய் நகராது. உடம்பு நன்றாகக் குளிர்ந்த பிறகு தோலில் இரத்த ஓட்டமும் குறைந்துவிடும், விழுந்த சூட்டை வாரிக்கொண்டு போக ஆளில்லை. ஒரே இடம் வெந்து புண்ணாகிவிடும். பூனையோ 38 டிகிரியைச் சுற்றியே நிற்கும் வெந்நீர்ப் பை. எவ்வளவு நேரம் அணைத்தாலும் சுடாது, ஆறவும் ஆறாது. நாயின் உடம்பில் அது ஒட்டும் பக்கம் காற்றுக்குத் திறந்த பக்கமாக இல்லாமல் போகிறது. ரோமம் வேறு கம்பளி.

பூனைக்கு என்ன லாபம்? சூட்டுக்காகத் தனியாக உழைக்காமல் சும்மா இருக்க அதற்குச் சுமார் 30 முதல் 38 டிகிரி வேண்டும். மலையில் அது கிடைக்கிற இடங்கள் அடுப்படி, வெயில் விழும் ஜன்னல், இன்னோர் உயிரின் விலா. கம்பளிக்குள் அசையாமல் கிடக்கும் ரோஸியைவிட வசதியான மெத்தை ஏது?

பூனையின் 'குர்குர்' சத்தம் 25, 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு அத்தனை தடவை, அதிர்வதால் முறிந்த எலும்பு கூடும் என்று வாட்ஸப்பில் வருவதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வலியில் துடிக்கும் பூனையும் 'குர்குர்' என்னும். எல்லா நோயாளிக்கும் இந்த நர்ஸ் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும்: பயந்த பூனைக்கு அந்நியப் பூனையின் வாசனையே படபடப்பு, அரை மயக்கத்தில் விழிக்கும் நாய் கடிக்கவும் கூடும். தையலை நக்க விடவும் கூடாது. டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

இதை ஆராய நிதி கேட்டால் எந்தக் குழுவும் சிரிக்கும். மலை கிளினிக்குகளில் எத்தனை நோயாளிகள் குளிரில் தாமதமாக விழிக்கிறார்கள் என்று ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் வைத்துக் குறிப்பதற்குக்கூடக் காசு வராது என்பது என் எரிச்சல். ஆகவே வாசகியே, உங்கள் டாக்டரிடம் கேட்டு அடுத்த குளிரில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு மூலையில் கம்பளியில் சுற்றிய வெந்நீர்ப் பை, மறு மூலையில் மயங்கிய நாய். பூனை எந்தப் பக்கம் போகிறது என்று எழுதுங்கள்.