திரையில்லாத சர்வரோடு பேசுவது எப்படி?

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. குடும்பப் படங்களைக் காத்து வைத்து, மற்றக் கணினிகள் கேட்கும்போது கொடுப்பது அதன் வேலை. இப்படிச் சேவை செய்யும் கணினிதான் சர்வர். திரை, விசைப்பலகை, மவுஸ் எதுவும் அதற்குக் கிடையாது. இத்தகைய கணினியை ‘ஹெட்லெஸ்’, அதாவது தலையில்லாதது என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. தலை பத்திரமாக இருக்கிறது, முகம்தான் இல்லை.

முகமில்லாமல் ஓடுவது புதிய வித்தையும் அல்ல. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தபோது, அதனுடன் பேச டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தையே பயன்படுத்தினார்கள். கணினியின் பதில் நொடிக்கு 10 எழுத்து வீதம் காகிதத்தில் அச்சாகும். யூனிக்ஸைப் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளைகளைத் தட்டும் முனையங்களை இன்றும் ‘டிடிஒய்’ என்று அழைப்பது அந்த டெலிடைப்பின் சுருக்கம்தான். எழுத்து உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரு வழி இருந்தால் சர்வருக்குப் போதும். அந்த வழி அடுத்த அறையிலிருந்து வருகிறதா, அடுத்த கண்டத்திலிருந்து வருகிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை.

நமக்குப் பொருட்டுதான், ஏனெனில் வழியில் ஒட்டுக்கேட்பவர்கள் உண்டு. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் டெல்நெட் என்ற பழைய முறையில் கடவுச்சொல்கூட மூடாத அஞ்சலட்டை போலப் பயணம் செய்தது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாது இலோனென் டெல்நெட்டுக்கு மாற்றாக எழுதியதுதான், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச். கணினிக்குள் வரும் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்ற கதவு எண் உண்டு. கோப்புகளை அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருக்க, இடையில் காலியாக இருந்த 22-ஐ எஸ்எஸ்ஹெச்சின் போர்ட் எண்ணாகக் கேட்டு வாங்கினார்.

எஸ்எஸ்ஹெச்சில் இரு கணினிகளும் முதலில் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. வியப்பு என்னவென்றால், அந்த எண் கம்பியில் போவதே இல்லை. இருபுறமும் பரிமாறும் வேறு எண்களிலிருந்து இரண்டும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடைக்கு வருகின்றன. இடையில் கேட்பவருக்கு அந்த விடை கிட்டாது. அதன்பின் எல்லாமே அந்த எண்ணால் பூட்டப்பட்டுத்தான் பயணிக்கிறது.

நீங்கள் ‘க’ என்று தட்டினால் அது பூட்டப்பட்டு சர்வருக்குப் போகிறது. சர்வர் அதை வாங்கி, பூட்டித் திருப்பி அனுப்புகிறது. அது வந்து சேர்ந்த பிறகே உங்கள் திரையில் ‘க’ தெரிகிறது. இணைப்பு மெதுவாக இருக்கும்போது எழுத்துகள் தயங்கித் தயங்கி வருவது இதனால்தான். நீங்கள் காணும் ஒவ்வொரு எழுத்தும் போய்த் திரும்பிய எழுத்து!

சரி, புதிய ராஸ்பெர்ரி பையில் முதல் முறை எப்படி நுழைவது? 2016 நவம்பர் முதல் அதில் எஸ்எஸ்ஹெச் மூடியே வருகிறது. எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லாக இருந்தது பெரிய ஆபத்து என்பதால் எடுத்த நல்ல முடிவு அது. அதைத் திறக்க, மெமரி கார்டை வேறொரு கணினியில் செருகி, கணினி தொடங்கும்போது படிக்கும் அதன் ‘பூட்’ பகுதியில் ‘எஸ்எஸ்ஹெச்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிட்ட ஒரு வெற்றுக் கோப்பை வைத்தார்கள். உள்ளே ஒரு எழுத்துகூட வேண்டாம், பெயரே கட்டளை. இப்போது கார்டில் இயங்குதளத்தை எழுதும் மென்பொருளிலேயே இதற்கும் பயனர் பெயருக்கும் இடமிருக்கிறது.

ஒருமுறை, எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலின் விதியை மாற்றும்போது 22-ஆம் போர்ட்டையே மூடிவிட்டேன். வீட்டில் என்பதால் ஒரு திரையைத் தூக்கிவந்து இணைத்தேன். தரவு மையங்களில் இதற்கென்றே சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்ற குட்டிக் கணினி இருக்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும் வரை அது விழித்திருக்கும். சர்வரை இயக்கும், அணைக்கும், இயங்குதளத்துக்கு முன்பே தோன்றும், யாரும் பார்க்காத பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையைக்கூட வலையமைப்பு வழியே காட்டும். அவ்வளவு அதிகாரம் உள்ளதால் அதைப் பொது இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது.

என் சிறு கணினியில் பிஎம்சி இல்லை. எனவே இப்போதெல்லாம் ஃபயர்வாலைத் தொடும் முன், பழைய விதிகளை ஐந்து நிமிடத்தில் மீட்கும்படி ஒரு கட்டளையைக் காத்திருக்க வைக்கிறேன். இணைப்பு நிலைத்தால் அந்தக் கட்டளையை நீக்கிவிடுவேன். அறுந்துபோனால், ஐந்து நிமிடத்தில் கதவு தானே திறந்துகொள்ளும்.